நினைப்பு எங்கே இருக்கிறது?

சில ஆண்டுகளாக ஒரு சொல் என் காதில் அடிக்கடி விழுந்துகொண்டிருக்கிறது. ‘மைன்ட்ஃபுல்னெஸ்’ என்பதே அந்தச் சொல். டொரொன்டோவில் வாழும் நண்பர் ஒருவர், தமது மகள் பல்கலைக்கழகப் பரீட்சைக்கு முன்னர் கைபேசியில் ஒரு குரலைக் கேட்டபடி பத்து நிமிடம் கண்மூடி அமர்வதாகச் சொல்கிறார். லண்டனில் உள்ள உறவினரின் அலுவலகத்தில் மதிய உணவு வேளையில் இதற்கென ஒரு வகுப்பே நடக்கிறதாம். தமிழில் இதை எவ்வாறு சொல்வது என்பதில் இன்னும் உடன்பாடில்லை. ‘விழிப்புணர்வு’ என்கிறார் ஒருவர். ‘முழுக்கவனம்’ என்கிறார் மற்றொருவர். ‘நினைவோடிருத்தல்’ என்பார் இன்னொருவர். பெயர் எதுவாயினும், கல்லூரி மாணவர்களின் பதற்றத்துக்கு இது மருந்து என்ற பேச்சு மட்டும் எங்கும் பரவிவிட்டது.

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவனுக்கு, பரவிவிட்ட பேச்சு எதுவாயினும் அதை ஒருமுறை உரசிப் பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிடும். இதை உரசிப் பார்க்க எனக்கு வாய்த்த உரைகல் நமுனுகுல.

வெளிநாடுகளில் வாழும் வாசகர்களுக்காக ஊரைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். நமுனுகுல என்பது ஒன்பது சிகரங்கள் எனப் பொருள்படும் சிங்களப் பெயர். இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளை நகருக்கு அப்பால் கடல் மட்டத்திலிருந்து 2000 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கும் மலைத்தொடர் அது. அதன் சரிவுகளில் தேயிலை. தேயிலைக்கு நடுவே லயங்கள். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த சிறு வீடுகள். வெள்ளையர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளருக்கெனக் கட்டப்பட்ட அவற்றில் பல குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. நானும் அப்படியொரு லயத்தில் பிறந்து, பசறைப் பக்கம் படித்து, பேராதனையில் கலைப் பட்டம் பெற்றவன்தான்.

சில காலத்துக்கு முன்னர், அந்தப் பகுதித் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகங்களுக்கும் கல்வியியற் கல்லூரிகளுக்கும் சென்றுள்ள மாணவர்கள் சிலர் விடுமுறையில் ஒன்றுகூடியபோது என்னையும் பேச அழைத்திருந்தார்கள். ஊடகத்துறை பற்றிப் பேசத்தான் போனேன். பேச்சு முடிந்து கேள்வி நேரம் வந்ததும் ஒரு மாணவி எழுந்தாள். இரண்டாம் வருடம் படிப்பவள். அவள் கேட்ட கேள்விக்கும் ஊடகத்துறைக்கும் சம்பந்தமில்லை.

“சேர், பயம் வந்தா மூச்ச கவனிங்கன்னு கெம்பஸ்ல ஒரு மிஸ் சொல்லிக் குடுத்தாங்க. மூச்ச கவனிச்சா அடுத்த மாசம் போர்டிங் காசு வந்துருமா?”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கிண்டலுக்காகக் கேட்கப்பட்ட கேள்வியல்ல அது. அன்று அவளிடம் சில வார்த்தைகள் சொன்னேன். அதே கேள்வியை இங்கே சற்று விரிவாக எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். ஏனெனில் அந்த ஒரு வரியில், இன்றைய மாணவரின் பதற்றம் பற்றிய விவாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

முதலில், அவளுடைய பதற்றம் எத்தகையது என்று பார்ப்போம். இலங்கையில் உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்தால் மட்டும் பல்கலைக்கழகக் கதவு திறந்துவிடாது. 2001ஆம் ஆண்டு முதல் இசட் புள்ளி என்ற கணக்கு முறை நடைமுறையில் இருக்கிறது. பல பாடநெறிகளுக்கு, 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுகின்றன. பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் பதுளையும் இருக்கிறது. இத்தனை வடிகட்டல்களையும் தாண்டி ஒரு தோட்டத்துப் பிள்ளை உள்ளே போகிறது என்றால், அந்த லயத்திலிருந்து போகும் முதல் ஆளாக அது இருப்பதற்கு நிறையவே வாய்ப்புண்டு. கோயிலில் மாலை போடுகிறார்கள், பதாகை கட்டுகிறார்கள். மாலை போட்டவர்களின் எதிர்பார்ப்பு முழுவதும் அதன் தோளில் ஏறிக்கொள்கிறது.

அங்கே போன பிறகு வேறு கதை. விரிவுரை ஆங்கிலத்தில், விடுதியில் பேச்சு சிங்களத்தில், கனவு மட்டும் தமிழில். பகிடிவதையைத் தடை செய்யும் சட்டம் 1998இலேயே வந்துவிட்டது, எனினும் முதலாம் வருடத்து மாணவர் அந்தப் பயத்தோடுதான் வளாகத்துக்குள் நுழைகிறார். முகவரியில் ‘தோட்டம்’ என்ற சொல்லைக் கண்டதும் புருவம் உயர்த்துபவர்கள் தமிழரிடையேயும் இருக்கிறார்கள். இவற்றுக்கு மேல் மாத இறுதி. அம்மாவின் கொழுந்துக் கணக்கில் எத்தனை நாள் பேர் விழுந்தது, எத்தனை நாள் அரைப்பேர் ஆனது என்பதைப் பொறுத்துத்தான் போர்டிங் காசு.

எனவே அவளுடைய பயம் கற்பனையில் பிறந்ததல்ல. அதற்கு முகவரி இருக்கிறது, திகதி இருக்கிறது, ரூபாய்க் கணக்கு இருக்கிறது. இதை மறந்துவிட்டு மூச்சைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அது அவளை அவமதிப்பதாகும்.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. அச்சம் கண்முன் நிற்பதைப் பற்றியது. பதற்றம் இனி வரக்கூடியதைப் பற்றியது. பாம்பைக் கண்டால் அச்சம். பாம்பு வந்துவிடுமோ என்று இரவெல்லாம் விழித்திருந்தால் அது பதற்றம். மாத இறுதியில் செலுத்த வேண்டிய பணம் மாத இறுதியில் ஒருமுறைதான் செலுத்தப்பட வேண்டும். மனமோ அதை ஐந்தாம் திகதி ஒருமுறையும், பத்தாம் திகதி பத்து முறையும், பதினைந்தாம் திகதி நூறு முறையும் செலுத்திப் பார்க்கிறது. ஒவ்வொரு முறையும் தோற்கிறது. ஒவ்வொரு தோல்விக்கும் உடல் உண்மையாகவே விலை கொடுக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது, தூக்கம் போகிறது. தூக்கம் போன மறுநாள் விரிவுரையில் கேட்டது எதுவும் மனதில் தங்குவதில்லை. தங்காததால் பரீட்சைப் பயம் வேறு சேர்ந்துகொள்கிறது. பணப் பிரச்சினை ஒன்றாக இருந்தது. இப்போது பிரச்சினைகள் மூன்று.

எங்கள் தோட்டங்களில் தாய்மார் சொல்லும் ஒரு வார்த்தை எனக்கு இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. பிள்ளை புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால், “நெனப்பு எங்க இருக்கு? நெனப்ப இங்க வச்சிப் படி” என்பார்கள். பதற்றம் என்பது நினைப்பு இங்கே இல்லாத நிலை என்பதை எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய்மார் அறிந்திருந்தார்கள். இதைச் சொல்லுக்காகச் சொல்லவில்லை. அதன் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது.

‘மைன்ட்ஃபுல்னெஸ்’ என்ற ஆங்கிலச் சொல், பாளி மொழியிலுள்ள ‘சதி’ என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்பாக வந்தது. சமஸ்கிருதத்தில் அதுவே ‘ஸ்மிருதி’. இரண்டுக்கும் அடிப்படைப் பொருள் நினைவு. சிங்களத்தில் ‘சிஹிய’ என்பார்கள். அதற்கும் நினைவு, சுயநினைவு என்ற பொருள்களே. 1881இல் பௌத்த சூத்திரங்களை மொழிபெயர்த்து வெளியிட்டபோது இந்த ஆங்கிலச் சொல்லைக் கையாண்டவர் ரீஸ் டேவிட்ஸ். அவர் இலங்கை சிவில் சேவையில் அதிகாரியாகப் பணியாற்றிய காலத்தில்தான் பாளி மொழியைக் கற்றார். இன்று கைபேசிச் செயலிகளில் புழங்கும் சொல்லின் வேர் இந்தத் தீவையும் தொட்டுச் செல்கிறது.

அதன் இன்னொரு கிளை எங்கள் மாவட்டத்துக்கே வருகிறது. ஜெர்மனியில் யூதக் குடும்பமொன்றில் 1901இல் பிறந்த சீக்மண்ட் ஃபெனிகர், 1936இல் இலங்கைக்கு வந்து ஞானபோனிக என்ற பெயரில் பௌத்தத் துறவியானார். இரண்டாம் உலகப் போர் மூண்டதும், ஜெர்மானியர் என்ற ஒரே காரணத்துக்காக ஆங்கிலேய அரசு அவரைத் தியத்தலாவை முகாமில் தடுத்து வைத்தது. ஹிட்லரின் ஆட்சியால் நாட்டை இழந்த யூதர், ஹிட்லரின் நாட்டவர் என்று சிறை வைக்கப்பட்டார். பின்னர் இந்தியாவின் டேராடூன் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, போர் முடிந்த பின் 1946இல் விடுதலையானார். அந்தத் தடுப்புக் காலத்தில் அவர் மொழிபெயர்ப்புப் பணிகளில் ஈடுபட்டார். சதி பற்றிய நூல்களைத் தொகுத்தார். 1950களில் கொழும்பில் வெளியான அவரது ஆங்கில நூல், பௌத்த தியானத்தின் இதயம் என்று பொருள்படும் தலைப்பைக் கொண்டது. மேற்குலகில் இந்தப் பயிற்சியை அறிமுகப்படுத்திய நூல்களுள் அது முக்கியமானது. அவர் 1994இல் கண்டியில் மறைந்தார்.

பின்னர் 1979இல், அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜோன் கபட்-சின் என்பவர், தீராத வலியால் அவதிப்பட்ட நோயாளிகளுக்காகப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். மதச் சடங்குகளை நீக்கிவிட்டு, கவனத்தைப் பழக்கும் முறையை மட்டும் அதில் எடுத்துக்கொண்டார். இன்று கல்லூரிகளில் கற்பிக்கப்படுவது பெரும்பாலும் இந்தப் பயிற்சியின் வாரிசுதான்.

இதை இங்கே விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இலங்கையில் ஒரு தமிழ் மாணவருக்குத் தியானம் என்ற சொல்லே சற்றுத் தயக்கத்தைத் தரக்கூடும். பெரும்பான்மையினரின் மதமும் அரசியலும் பின்னிக்கிடக்கும் நாட்டில், 1983 ஜூலையில் பதுளை நகரம் எரிந்ததைப் பெற்றோர் வாயிலாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, விகாரையிலிருந்து வருகிற எதையும் இயல்பாக ஏற்பது எளிதல்ல. அந்தத் தயக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கவனத்துக்கு மதம் இல்லை. செபமாலையை உருட்டும் கைக்கும், தொழுகையில் வரிசையாக நிற்கும் கால்களுக்கும், முருகன் பெயரை முணுமுணுக்கும் உதட்டுக்கும் அது பொதுவானது. நாடிழந்து சிறைப்பட்டிருந்த ஒரு மனிதர் தமது மனத்தைச் சிதறவிடாமல் காத்துக்கொண்ட கலை அது என்று எண்ணிப் பாருங்கள். அப்போது மலையகத்து மாணவருக்கு அது அத்தனை அந்நியமாகத் தோன்றாது.

சரி, இது உண்மையில் பயன் தருகிறதா? ஆய்வுகள் சொல்வதையும் பார்த்துவிடுவோம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 2015 முதல் 2016 வரையான கல்வியாண்டில் 616 மாணவர்களை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான உளவள உதவி. மற்றக் குழுவுக்கு அதனுடன் எட்டு வாரக் கவனப் பயிற்சி. ஆண்டிறுதிப் பரீட்சைக் காலத்தில் அளந்தபோது, பயிற்சி பெற்றவர்கள் கடும் மன உளைச்சலுக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. 2022இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, பதற்றக் கோளாறு கொண்ட 276 பேரை ஆராய்ந்து, எட்டு வாரப் பயிற்சி அக்கோளாறுக்கு வழங்கப்படும் ஒரு மருந்துக்கு நிகரான பயனைத் தந்ததாகக் கண்டது. (இதைப் படித்துவிட்டு எவரும் மருத்துவர் தந்த மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம்.)

நாணயத்தின் மறுபக்கமும் அதே 2022இல் வெளியானது. பிரித்தானியாவில் 85 பாடசாலைகளில், 11 முதல் 14 வயது வரையான எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் வகுப்பறையில் இந்தப் பயிற்சியைக் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான பாடசாலை நடைமுறையைவிட அது எந்த மேலதிக நன்மையையும் தரவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் அதைச் செய்யவே இல்லை.

முதல் ஆய்வில் பங்கேற்றவர்கள் தாமாக விரும்பி வந்த பல்கலைக்கழக மாணவர்கள். மூன்றாவது ஆய்வில் இருந்தவர்கள், பாட நேரத்தில் பாடமாகக் கற்பிக்கப்பட்ட சிறுவர்கள். இந்த ஒப்பீட்டிலிருந்து நான் பெற்றுக்கொண்ட முடிவு எளிமையானது. தானாக நாடி வருபவருக்கு இந்தப் பயிற்சி உதவக்கூடும்; எல்லோர் தலையிலும் தெளிக்கும் தீர்த்தமாக அது வேலை செய்யாது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜ் மாணவருக்குப் பரீட்சைப் பயம் இருக்கிறது. மழை பெய்தால் தன் வீடு மண்ணுக்குள் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு இல்லை.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தையில் மீரியாபெத்தைத் தோட்டத்தின் லயங்களை மலை விழுங்கியது. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு இருந்தது. அன்று எட்டு, பத்து வயதாக இருந்த பிள்ளைகளுக்கு இன்று பல்கலைக்கழக வயது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தில் மீண்டும் பல இடங்களில் மண் சரிந்தது, உயிர்கள் போயின. கண்டியிலோ கொழும்பிலோ விடுதியில் படுத்திருக்கும் ஒரு தோட்டத்து மாணவர், மழைச் சத்தம் கேட்டதும் எழுந்து உட்கார்ந்து வீட்டுக்கு அழைப்பு எடுக்கிறார் என்றால், அதற்கு நோய் என்று பெயரிட எனக்கு மனம் வராது. அது அறிவு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையைக் கவனிக்க வேண்டும். வீட்டாரைப் பாதுகாப்பான இடத்துக்குப் போகச் சொல்ல வேண்டும். அந்தக் கவலை அவர்களைக் காப்பாற்றும்.

ஆனால் வெயில் எரிக்கும் மார்ச் மாதத்து நண்பகலிலும் அதே படபடப்பு நீடித்தால்? எச்சரிக்கை மணி பழுதாகி, காரணமில்லாமல் அடித்துக்கொண்டே இருக்கிறது என்று பொருள். கவனப் பயிற்சியின் உண்மையான இடம் இங்கேதான் வருகிறது. “இது இப்போது பெய்கிற மழையா, 2014இல் பெய்த மழையா?” என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் ஒரு கண இடைவெளியை அது தரக்கூடும். இப்போது பெய்கிற மழை என்றால் எழுந்து செய்ய வேண்டியதைச் செய்யலாம். பழைய மழை என்றால், அதைப் பழைய மழை என்று அடையாளம் கண்டு, கால் தரையில் இருப்பதை உணர்ந்து, கையிலிருக்கும் புத்தகத்துக்குத் திரும்பலாம். திரும்புதல்தான் பயிற்சி. மனம் போகாமல் இருப்பது எவராலும் இயலாத காரியம். போனதைக் கண்டுகொண்டு திரும்புவது பழகப் பழக வரும்.

கொழுந்து பறிக்கும் எங்கள் பெண்களைப் பார்த்துவிட்டு, “எத்தனை ஒருமுகப்பட்ட கவனம்! இதுவே தியானம் அல்லவா?” என்று வியந்த ஒரு சுற்றுலாப் பயணியை நான் சந்தித்திருக்கிறேன். சரிவில் கால் வழுக்காமல், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி, முதுகிலுள்ள கூடையை நிரப்பி, அட்டையையும் குளவிக் கூட்டையும் பார்த்துக்கொண்டு, கங்காணியின் குரலுக்கும் காது கொடுக்கும் அந்தப் பெண்ணிடம் கவனத்துக்குக் குறைவில்லைதான். ஆனால் மாலையில் தராசு காத்திருக்கிறது. கிலோ குறைந்தால் பேர் குறையும். அது பிடுங்கி எடுக்கப்படும் கவனம். பதற்றம் கொண்ட மாணவரிடமும் இருப்பது அத்தகைய கவனமே. அவருக்குக் கவனம் போதாது என்று சொல்வது தவறு. அது எல்லாத் திசையிலும் காவல் நின்று களைத்துப்போய்விட்டது. அவருக்குத் தேவை, காவலிலிருந்து சற்று விடுப்பு எடுத்துக்கொண்ட கவனம். எதையும் எட்டிப் பிடிக்காமல், எதிலிருந்தும் தப்பி ஓடாமல், ஒரு கோப்பைப் பிளேன்டீயின் சூட்டை உள்ளங்கையில் ஐந்து நிமிடம் உணர்ந்திருக்கும் கவனம். மூச்சை மெதுவாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணிகிறது. இது உடலின் இயல்பு. இதற்கு எந்தச் செயலியும் சந்தாவும் வேண்டியதில்லை.

மனவுறுதி, உணர்ச்சிச் சமநிலை என்றெல்லாம் பேசும்போது, நாம் பெரும்பாலும் அழாத பிள்ளையைத்தான் நினைத்துக்கொள்கிறோம். “கஷ்டத்தில் வளர்ந்த பிள்ளை, எதையும் தாங்கும்” என்று பெருமையாகச் சொல்கிறோம். ஊவாத் தேயிலையின் பேர்பெற்ற மணம், ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வரண்ட கச்சான் காற்றில் செடி வாடுவதால் கிடைப்பது. ஏலத்தில் அதற்கு நல்ல விலையும் உண்டு. பிள்ளைகள் தேயிலைச் செடிகள் அல்லர். வாட்டத்தில் மணம் பிறக்கும் என்ற கணக்கை அவர்கள்மேல் போட வேண்டாம். உணர்ச்சிச் சமநிலைக்கு எனக்குத் தெரிந்த நல்ல உவமை கொழுந்து நிறுக்கும் தராசுதான். பாரம் ஏறினால் முள் சாய வேண்டும். சாயாத முள் பழுதானது. பாரத்தை இறக்கியதும் முள் சுழியத்துக்குத் திரும்ப வேண்டும்; திரும்பாததும் பழுதானதே. அழ வேண்டிய இடத்தில் அழுதுவிட்டு, பின்னர் எழுந்து முகம் கழுவக்கூடிய பிள்ளையே சமநிலை கொண்ட பிள்ளை.

இனி, போர்டிங் காசுக் கேள்விக்கு வருகிறேன். மூச்சைக் கவனித்தால் காசு வராது. இதை எந்த மழுப்பலும் இல்லாமல் சொல்லிவிட வேண்டும். ஆனால் காசுக்காகச் செய்ய வேண்டிய காரியங்கள் சில உண்டு. உதவிப்பண விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். மாணவர் நலப் பிரிவுக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். வீட்டுக்காரம்மாவிடம் ஒரு வாரம் தவணை கேட்க வேண்டும். இவை அனைத்தும், கை நடுங்காத, நா குழறாத பதினைந்து நிமிடங்களைக் கேட்பவை. மனம் நூறாவது முறையாகத் தோற்றுக்கொண்டிருக்கும்போது அந்தப் பதினைந்து நிமிடங்கள் கிடைப்பதில்லை. விண்ணப்பம் மேசையிலேயே கிடக்கிறது. கடைசித் திகதி போய்விடுகிறது. அந்தப் பதினைந்து நிமிடங்களை மீட்டுத் தருவதுதான் இந்தப் பயிற்சியால் முடியக்கூடிய காரியம். அதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். அதற்குக் குறைவாகவும் அதை மதிக்க வேண்டாம்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. பெரும் இழப்பைக் கண்ட சிலருக்குக் கண்ணை மூடி அமர்ந்தால் அமைதி வராது. மூடிய கண்ணுக்குள் அந்தக் காட்சியே வரும். அப்படியானால் கண்ணைத் திறந்துவிட வேண்டும். எழுந்து நடக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரிடம் பேச வேண்டும். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் போய்விட்டால், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால், அது தனியாக அமர்ந்து கடக்க வேண்டிய நேரமல்ல. இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது. அழைப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

மற்றவை நம்முடைய கடன். உதவிப்பணம் உரிய திகதியில் கிடைப்பதும், விடுதியில் இடம் கிடைப்பதும், மலைச்சரிவில் இருக்கும் லயத்துக்குப் பதிலாகப் பாதுகாப்பான காணியில் ஒரு வீடு எழுவதும், தன் மொழியில் அழுது சொல்லக்கூடிய ஓர் உளவள ஆலோசகர் வளாகத்தில் இருப்பதும் மாணவரின் மூச்சுப் பயிற்சியால் நடக்கக்கூடியவை அல்ல. இவற்றைச் செய்யாமல் “பொறுமையாக மூச்சு விடு” என்று மட்டும் சொல்லும் நிர்வாகம், தன் வேலையை மாணவரின் நெஞ்சுக்கு மாற்றிவிடுகிறது. பேனா பிடிப்பவர்கள் இதைத் திரும்பத் திரும்ப எழுதியாக வேண்டும்.

இதை வாசிப்பவர்களில் பலர், கனடாவிலோ ஐரோப்பாவிலோ அவுஸ்திரேலியாவிலோ இருந்துகொண்டு, மலையகத்து மாணவர் ஒருவரின் படிப்புச் செலவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறவர்கள் என்பதை அறிவேன். உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அந்தப் பிள்ளையுடன் தொலைபேசியில் பேசும்போது, பெறுபேறு என்ன, எத்தனை பாடத்தில் ஏ என்று முதலில் கேட்காதீர்கள். ராத்திரி தூங்கினாயா, சாப்பிட்டாயா, அங்கே மழை எப்படி என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள். அந்தச் சில நிமிடங்கள் உங்கள் நினைப்பும் அங்கேயே இருக்கட்டும்.